வஜிஹா போடாத கையெழுத்து

இந்த ஜூன் மாதம் ஒருவர்கூட வஜிஹாவிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.

பக்கெட் கேட்டார்கள், மக் கேட்டார்கள், கொசுவலை, கொடிக்கயிறு, கிளிப், பூட்டு எல்லாம் கேட்டார்கள். ஓசூரிலிருந்து மத்திகிரி போகும் சாலையில், கல்லூரிப் பெண்கள் விடுதிக்கு எதிர்வரிசையில் இருக்கிறது சாந்த் பாஷாவின் மெத்தைக் கடை. கல்லூரி திறக்கிற மாதம் வந்துவிட்டால் கடையில் நிற்க இடம் இருக்காது. ஊத்தங்கரைப் பக்கம், போச்சம்பள்ளிப் பக்கம், பாகலூர்ப் பக்கம் என்று எங்கெங்கிருந்தோ அப்பா, அம்மா, மகள் என்று மூன்று பேராக வந்து இறங்குவார்கள். மகள் முகத்தில் பாதி பயம், பாதி குஷி. அம்மா முகத்தில் முழுக்கப் பயம். அப்பா மட்டும் எதற்கும் அஞ்சாதவர்போல மெத்தையை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஆறடிக்கு ரெண்டரை அடிதான் வாங்கணும்ணா. உள்ள கட்டில் அவ்ளோதான். மூணடி வாங்கினா பாதி வெளிய தொங்கும்" என்பாள் வஜிஹா. "செவப்பு பக்கெட் வேணாம் பாப்பா, அங்க அத்தன பேருகிட்டயும் செவப்புதான்" என்பாள். வாங்கிய பக்கெட்டின் அடியில் நகப்பூச்சால் பெயர் எழுதிக் கொடுப்பாள். எவ்வளவு தேய்த்தாலும் மூன்று வருடம் போகாது. இது அவளாகக் கண்டுபிடித்த தொழில் ரகசியம், யாருக்கும் சொல்லமாட்டாள்.

இதெல்லாம் இந்த வருடமும் நடந்தது. ஆனால் முன்பெல்லாம் சாமான் கட்டி முடித்ததும் அந்த அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுப்பார். "ஏம்மா, இதுல லோக்கல் கார்டியன்னு ஒண்ணு கேக்கறாங்க. எங்களுக்கு இந்த ஊர்ல ஈ காக்கா தெரியாது..." என்று இழுப்பார். அவர் இழுக்கும்போதே வஜிஹா பேனாவை எடுத்துவிடுவாள். இப்போது அந்தப் படிவமே இல்லை. எல்லாம் போனுக்குள் போய்விட்டது. பெண் வெளியே போகவேண்டுமென்றால் ஊரில் இருக்கும் அப்பாவின் போனுக்கு ஓர் எண் வரும், அவர் அதைச் சொன்னால் கேட் திறக்கும். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? யாரையும் கெஞ்ச வேண்டாம். ஆனாலும் வஜிஹாவுக்கு மனசு கேட்கவில்லை. பதினான்கு வருடத்தில் முப்பத்தேழு பெண்களுக்குக் கார்டியனாக இருந்தவள் அவள். நாற்பத்தெட்டு வயதில், யாரும் போ என்று சொல்லாமலே வேலை போய்விட்டது மாதிரி இருந்தது.

அந்த வேலை அவளுக்கு வந்ததே வேடிக்கைதான். முதன்முதலில் ஒரு தகப்பன் கேட்டது பாஷாவிடம். பாஷாவும் பெருமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டலுக்கு ஆம்பள கார்டியனா? ஊட்ல பொம்பள இல்லயா?" என்று வார்டன் சாந்தம்மா படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். சாந்தம்மா என்றால் விடுதியே நடுங்கும். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் யாருக்கோ சனி பிடித்தது என்று அர்த்தம். ஆகவே வஜிஹாவின் பெயர் எழுதப்பட்டது. பத்தாவதோடு நின்றவள், பேங்க் புத்தகம் தவிர எதிலும் கையெழுத்துப் போடாதவள், 'ஜ'வைச் சுழிக்கவே அரை நிமிடம் எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் அது பழகிவிட்டது. பழகியது கையெழுத்து மட்டுமல்ல. அடடா, அந்த ஞாயிற்றுக்கிழமைகள்! பத்து மணிக்குக் கேட் திறந்தால் நாலைந்து பெண்கள் வரிசையாகச் சாலையைக் கடந்து வருவார்கள். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒருத்தி வந்ததும் வராததுமாகப் பாயைப் போட்டுத் தூங்குவாள், விடுதியில் ஆறு நாளும் தூங்காதவள்போல. ஒருத்தி தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் முடியை உலர்த்துவாள். தெலுங்குப் பெண் ஒருத்தி, கன்னடம் பேசுகிற ஒருத்தி, இங்கே வஜிஹா வீட்டில் உருது, எல்லாம் கலந்து ஒரே கூச்சலாக இருக்கும், சண்டை மட்டும் தமிழில்தான் நடக்கும். வஜிஹா குஸ்கா செய்துபோடுவாள். மாலை ஐந்தே முக்காலுக்கு எல்லாரையும் விரட்டிக் கேட்டுக்குள் தள்ளிவிட்டு வந்து உட்காரும்போது வீடு சப்பென்று ஆகிவிடும். மகள் ஜைபாகூட "ஏம்மா இப்படி உக்காந்திருக்க, அவுங்க உன் பொண்ணுங்களா?" என்று பொறாமையில் கேட்பாள்.

இந்த முப்பத்தேழு பேரில் வஜிஹா கையெழுத்துப் போட மறுத்தது ஒரே ஒருத்திக்குத்தான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எட்டு வருடத்துக்கு முன்பு, சாமல்பட்டியிலிருந்து வெங்கடப்பன் தன் மகள் அனிதாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நிலக்கடலையும் கேழ்வரகும் போடுகிற குடியானவர். கட்டைக் குரல், மூக்குக்கு மேல் கோபம். படிவத்தில் 'உறவுமுறை' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு 'சித்தி' என்று எழுதினார். அதைப் படித்த சாந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வெங்கடப்பன் பொண்டாட்டி மாதம்மாள். மாதம்மாளுக்குத் தங்கச்சி வஜிஹா. பேஷ்!" என்றார். ஆனால் முத்திரை குத்திவிட்டார்.

மெத்தையைக் கட்டிக்கொண்டிருந்தபோது வெங்கடப்பன் மகள் காதுபடவே வஜிஹாவிடம் சொன்னார்:

"இந்தாம்மா, உன்னை நம்பி உடறன். ஒரு கம்ப்ளெய்ண்டு, ஒண்ணே ஒண்ணு வரட்டும். அன்னிக்கே பொட்டியக் கட்டிக்கினு போயிடுவன். அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். பெரியவள வேலைக்கி ஓசூரு அனுப்பிட்டு நான் பட்டதே போதும்."

பெரியவள் பிரியா. ஓசூர்க் கம்பெனி ஒன்றில் வேலைக்கு வந்தவள், கூட வேலை பார்த்த ஆனேக்கல் பையன் ஹரீஷ்குமாரைக் கட்டிக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். கர்நாடகத்து ஆனேக்கல் என்ன அமெரிக்காவா? ஓசூரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வெங்கடப்பன் வீட்டில் இரண்டு வருடமாக அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. அந்தக் கோபத்தில் அனிதாவுக்குப் போன்கூட வாங்கித் தரவில்லை.

இந்த இடத்தில் வஜிஹா செய்த இரண்டு காரியங்களைச் சொல்லிவிட வேண்டும். இரண்டும் தப்புதான்.

ஒன்று, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வஜிஹாவின் போன் அடிக்கும். பிரியாதான். அக்காவும் தங்கையும் அரை மணி நேரம் பேசுவார்கள். அனிதா பேசிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். வஜிஹா ஒன்றும் தெரியாதவள்போல வெங்காயம் உரிப்பாள்.

இரண்டாவது, விடுதியிலிருந்து வெளியே வர ஒவ்வொரு தடவையும் ஒரு சீட்டு வேண்டும். தேதி, போகிற இடம், திரும்பும் நேரம், கீழே கார்டியன் கையெழுத்து. ஞாயிறுதான் கடையில் கூட்டம் நெரியும் நாள். பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சீட்டை நீட்ட, வஜிஹா கையில் தலையணையும் வாயில் ஊசியுமாக நிற்க, அது சரிப்பட்டு வரவில்லை. அதனால் மாதம் பிறந்ததும் ஆளுக்கு நாலு வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். தேதியை அவர்களே எழுதிக்கொள்வார்கள். "நம்ம புள்ளைங்கதானே" என்பாள். வேறு எந்தக் கார்டியனும் இப்படி ஒரு கூத்து அடித்திருக்க மாட்டார்கள்.

அனிதா இரண்டாவது செமஸ்டரில் இருந்தபோது, மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வஜிஹாவுக்கு ஹரீஷ்குமார் போன் செய்தான். பிரியாவுக்குப் பெண் குழந்தை. ஆனேக்கல் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்கள், இருவரும் நலம். வஜிஹா ஒரு தலையணை உறையைச் சாக்காக எடுத்துக்கொண்டு விடுதிக்கே போய்ச் சேதியைச் சொல்லிவிட்டாள். அனிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பாக்கணும்க்கா" என்றாள்.

"ஞாயித்துக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்றாள் வஜிஹா.

பதினெட்டு வயதுக்கு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு தூரம் என்பதை அவள் யோசிக்கவில்லை. மறுநாளே, புதன்கிழமை மத்தியானம், அனிதா வெற்றுச் சீட்டில் தேதியை எழுதி, போகிற இடம் 'கார்டியன் வீடு' என்று எழுதி, கேட்டில் கொடுத்துவிட்டு ஆனேக்கல் பஸ் ஏறிவிட்டாள்.

அன்றைக்கென்று பார்த்து மத்தியானத்துக்குமேல், எல்லை தாண்டியதும் வருகிற அத்திப்பள்ளியில் திடீர் மறியல். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. அந்தப் பக்கம் யாராவது ரோட்டில் உட்கார்ந்தால் இந்தப் பக்கத்து பஸ்ஸெல்லாம் ஜூஜூவாடியில் நின்றுவிடும். ஓசூர்ப் பெண்ணாக இருந்தால் டீக்கடையில் நாலு பேர் பேசுவதை வைத்தே மோப்பம் பிடித்திருப்பாள். சாமல்பட்டிப் பெண்ணுக்கு என்ன தெரியும்?

சாயங்காலம் ஆறேகாலுக்கு வஜிஹாவின் போன் அடித்தது. சாந்தம்மா.

"அனிதா உங்க ஊட்டுக்குத்தானே வந்திருக்கா? கேட் டைம் ஆறு. ஏன் இன்னும் வரல?"

வஜிஹாவுக்கு ஒரு கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. இல்லை என்று சொன்னால் அது கம்ப்ளெய்ண்டு. கம்ப்ளெய்ண்டு என்றால் பெட்டி, முகூர்த்தம், கல்யாணம். "ஆமா மேடம், இங்கதான் இருக்கா. லேசா ஜுரம். படுத்திருக்கா" என்றாள்.

"போன அவகிட்ட குடுங்க."

இந்த அம்மாளை என்னதான் செய்வது? வஜிஹா சுற்றுமுற்றும் பார்த்தாள். பதினான்கு வயது ஜைபா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கையில் போனைத் திணித்து, கண்ணாலேயே கும்பிட்டாள். ஜைபா கெட்டிக்காரி. போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அது போனில் தெரியவா போகிறது, கரகரத்த குரலில், "வணக்கம் மேம்... அனிதா பேசறேன் மேம்... தொண்ட கட்டிக்கிச்சு மேம்..." என்று இருமினாள். இருமலை மட்டும் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டாள்.

அந்தப் பக்கம் பதிவேட்டின் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி. காலைல எட்டு மணிக்கு வந்து நிக்கணும்" என்றார் சாந்தம்மா. வைக்கும் முன்பு வஜிஹாவிடம், "ஒண்ணு சொல்லணும். உங்களுக்கு முன்னாடியே அவங்க அப்பாவுக்கு போன் போட்டுட்டேன். பொண்ணு வரலன்னு சொல்லிட்டேன்" என்றார்.

அனிதா ஏழு மணிக்கு வந்து சேர்ந்தாள். பாதி தூரம் டெம்போ, பாதி தூரம் நடை. செருப்பு அறுந்து கையில் இருந்தது. வஜிஹா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பெண், "மூக்கு அப்படியே எங்கம்மா மூக்குக்கா" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தது. திட்ட வந்தவளும் உட்கார்ந்து சேர்ந்து அழுதாள். பாஷா இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு இருக்குது கச்சேரி" என்று முணுமுணுத்தார்.

கச்சேரி காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டது. முதல் பஸ்ஸில் கிளம்பிக் கிருஷ்ணகிரியில் மாறி வந்திருந்தார் வெங்கடப்பன். அனிதா எட்டு மணிக்கே விடுதிக்குப் போய்விட்டாள். அவர் கடை வாசலில் நின்றபடியே கேட்டார்:

"நேத்து எம்பொண்ணு இங்கதான் இருந்தாளா?"

வஜிஹா மடித்த தலையணை உறையையே மறுபடி மடித்தாள்.

"உங்க அல்லா மேல சொல்லும்மா."

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். வார்டனிடம் சொன்ன பொய்யை அல்லாவிடம் சொல்ல முடியுமா? "இல்லண்ணா. பிரியாவுக்குக் குழந்தை பொறந்திருக்குது. பாக்கப் போனா. சேதி சொன்னது நான். சீட்டுல கையெழுத்துப் போட்டது நான். அவ மேல ஒரு தப்பும் இல்ல. திட்டறதுன்னா என்னத் திட்டுங்க" என்றாள் ஒரே மூச்சில்.

வெங்கடப்பனின் முகம் ஒரு கணம் ஏதோ ஆனது. குழந்தை என்ற சொல்லுக்காக இருக்கலாம். அடுத்த கணம் பழையபடி இறுகிவிட்டது. "எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அவளக் கூட்டிக்கினு போவத்தான் வந்தன்" என்று சாலையைக் கடந்து விடுதிக்குப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கையில் ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தார். விடுதியைக் காலி செய்கிற படிவம். "நீயும் கையெழுத்துப் போடணுமாம். அது இல்லாம பன்னண்டாவது சர்டிபிகேட்டக் குடுக்க மாட்டாங்களாம். அந்த வார்டனம்மா கறாரா சொல்லிடுச்சு. போடு" என்று கல்லாவின்மேல் வைத்தார்.

வஜிஹா காகிதத்தைப் பார்த்தாள். கீழே மாணவி, பெற்றோர், விடுதிக் காப்பாளர் என்று மூன்று கோடுகள் அச்சில் இருந்தன. அவற்றுக்கும் கீழே நாலாவதாக ஒரு கோடு, ஸ்கேல் வைத்து நீலப் பேனாவால் போட்டது. அதன்கீழ் 'லோக்கல் கார்டியன்' என்று சாய்வான எழுத்து. பல வருடமாகக் கேட் சீட்டுகளில் பார்த்துப் பழகிய எழுத்து. மை இன்னும் பளபளவென்று இருந்தது.

அந்த விடுதியில் அப்படி ஒரு விதியே கிடையாது! சாந்தம்மா உட்கார்ந்து ஒரு விதியைச் செய்து அனுப்பியிருக்கிறார். நேற்றைக்குப் போனில் இருமியது யார் என்று தெரிந்துகொண்டே சரி என்று சொன்ன மனுஷி அவர். எல்லாரும் பார்த்து நடுங்கிய அந்தக் கண்ணாடிக்காரி, தன்னால் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டு மிச்சத்தைச் சாலைக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்.

"போடமாட்டேன்" என்றாள்.

"என்னாது?"

"போடமாட்டேண்ணா."

வெங்கடப்பன் கத்தினார். தெருவே கூடிவிட்டது. யார் நீ, எந்த ஊரு, எந்த ஜாதி, எம்பொண்ணு விஷயத்துல மூக்கை நுழைக்க உனக்கு என்ன இருக்குது என்றெல்லாம் கேட்டார். பாஷாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "போட்டுக் குடுத்துடு வஜி, அவர் பொண்ணு, அவர் பாடு. ஊர் வம்பு நமக்கெதுக்கு?" என்று உருதுவில் கெஞ்சினார். வஜிஹா பேனாவைக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நீங்கள் கேட்கலாம். பெற்ற தகப்பன், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் யார் தடுக்கப்போகிறார்கள்? நியாயம்தான். ஆனால் வெங்கடப்பன் ஒரு பட்டா மாற்றுவதற்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் பத்து வருடம் நின்றவர். ஒரு கையெழுத்து இல்லாமல் எந்தக் காகிதமும் நகராது என்பது அவருக்கு வேதவாக்கு. அதுதான் காரணம் என்று அவரே ஊரில் சொல்லிக்கொண்டார். மனசுக்குள் வேறு ஏதாவது இருந்ததா என்று யார் கண்டது? படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வருவன். போட்டுத்தான் ஆவணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

சொன்னபடியே வந்தார். முதல் ஞாயிறு எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பாஷா மூலமாகப் படிவத்தை அனுப்பினார். வஜிஹா அப்படியே திருப்பி அனுப்பினாள். சாயங்காலம்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு மாதமும் வஜிஹா பட்ட பாடு இருக்கிறதே! தான் செய்வது சரியா என்று அவளுக்கே தெரியவில்லை. நாளைக்குத் தன் மகள் ஜைபாவின் படிவத்தை வைத்துக்கொண்டு எவளோ ஒருத்தி இப்படி அடம்பிடித்தால் தான் சும்மா இருப்போமா என்று நினைத்துப் பார்ப்பாள். சும்மா இருக்கமாட்டாள், கடையையே நொறுக்கியிருப்பாள். அது நன்றாகத் தெரிந்தும் பேனாவை எடுக்க மனம் வரவில்லை. அனிதாவோ சீட்டுக் கேட்கவே பயந்து விடுதிக்குள்ளேயே கிடந்தாள். மாடி ஜன்னலிலிருந்து டீக்கடை பெஞ்சில் இருக்கும் அப்பாவின் தலை மட்டும் தெரியுமாம். அதைப் பார்த்துக்கொண்டே படிப்பாளாம்.

இரண்டாவது ஞாயிறு நல்ல வெயில். வெங்கடப்பன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து கடை நிழலில் நின்றார். வஜிஹா ஒரு ஸ்டூலைப் போட்டாள், ஒரு சொம்பு தண்ணீர் வைத்தாள். தண்ணீரைக் குடித்தார். படிவத்தை எடுத்து நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள். மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். இப்படியே நாலு தடவை. கடைக்கு வந்த ஒரு கிழவர், "என்னங்க, ஏதாச்சும் சீட்டாட்டமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது ஞாயிறுதான் பேச்சு வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடி, அவளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக் கேட்டார்:

"எதுக்கும்மா இப்படி அடம் புடிக்கற? இதுல உனக்கு என்னா வருது?"

வஜிஹா தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்:

"எனக்கு ஒண்ணும் வரலண்ணா. ஒரு பொண்ண வேணாம்னு தலை முழுகிட்டீங்க. இவளயும் படிப்ப நிறுத்தி எங்கியோ கட்டிக் குடுத்துட்டா, இவளும் உங்ககிட்ட மூஞ்சி குடுத்துப் பேசமாட்டா. அப்பறம் ஊட்ல யாருகூடப் பேசுவீங்க? அதான் எனக்கு பயமா இருக்குது."

வெங்கடப்பன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பரீட்ச எப்ப?" என்று கேட்டார்.

"அடுத்த மாசம் பத்தாந்தேதி ஆரம்பம்."

"நல்லாப் படிக்கறாளாமா?"

"வார்டனம்மா சொல்றாங்க, வகுப்புல ரெண்டாவதாம்."

"மொதலு யாரு?"

வஜிஹாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அன்றைக்கும் படிவத்தை நீட்டினார், ஆனால் பாதி மட்டும் வெளியே எடுத்து, அவள் கையை நீட்டுகிறாளா என்றுகூடப் பார்க்காமல் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

நாலாவது ஞாயிறு அவர் வரவில்லை. பத்து மணியிலிருந்து வஜிஹா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணி, பன்னிரண்டு மணி. ஏதாவது முடிவு செய்துவிட்டாரோ, நாளைக்கு நாலு ஆட்களோடு வந்து பெண்ணை இழுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்து செத்தாள். ஒரு வாடிக்கையாளருக்கு ஒற்றைப் பாய்க்குப் பதிலாக இரட்டைப் பாயைக் கட்டிக் கொடுத்தாள். பாஷா அவளைப் பார்த்து, "அவர் வந்தாலும் சண்டை, வராட்டியும் உனக்கு மூஞ்சி இப்படியா?" என்றார்.

ஐந்தாவது ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வெங்கடப்பன் வந்தார். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பின்னால் ஒரு பெண்மணி, கையில் கனத்த வயர் கூடை. மாதம்மாள். வஜிஹா அவரை அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்த மூக்கைப் பார்த்ததும் யாரென்று கேட்கத் தேவைப்படவில்லை. மாதம்மாள் வஜிஹாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெங்கடப்பன் கடைக்குள் அங்குமிங்கும் பார்த்தார். குடைபோல விரிகிற குழந்தைக் கொசுவலை ஒன்று மேலே தொங்கிக்கொண்டிருந்தது. "அத எறக்கு" என்றார். பாஷா இறக்கினார். அதை விரித்தும் மடக்கியும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார்:

"ஆனேக்கல் பஸ்சு எங்கம்மா நிக்கும்?"

வஜிஹா துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாஷாதான், "ஓசூர் பஸ் ஸ்டாண்டுல கேட்டா காட்டுவாங்கண்ணா" என்றார்.

"கேட்டுக்குவன். ஆனா..." வெங்கடப்பன் கொசுவலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "இத்தன வருஷம் கழிச்சி திடுதிப்புன்னு போயி வாசல்ல நிக்க ஒரு மாதிரியா இருக்குது. நீயும் கூட வாம்மா. நீ மொதல்ல உள்ள போ. நாங்க பின்னால வர்றம்."

கடை வைத்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வஜிஹா கடையை விட்டு எங்கேயும் போனதில்லை. அன்றைக்கு முகம் கழுவி, துப்பட்டா மாற்றி, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். பாஷா "போ போ, நான் பாத்துக்கறேன்" என்றார். போகும்போது விடுதியில் அனிதாவையும் அழைத்துக்கொண்டார்கள். அப்பாவைப் பார்த்ததும் அவள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். "வா, உங்க அக்காளப் பாக்கப் போறம்" என்று மட்டும் சொன்னார். சாந்தம்மா கேட்டருகே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் படிவம் என்ன ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை, வஜிஹாவும் கேட்கவில்லை. அனிதா அந்த விடுதியிலேயே இருந்து மூன்று வருடத்தையும் முடித்தாள்.

இந்த ஜூனில், கூட்டம் ஓய்ந்த மத்தியானத்தில், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது வஜிஹாவுக்கு அந்த பஸ்தான் அடிக்கடி ஞாபகம் வருகிறது. முன் சீட்டில் மாதம்மாளும் அனிதாவும். அம்மா தோளில் மகள் சாய்ந்திருந்தாள். பின்னால் வஜிஹா. நடுவழி இடைவெளிக்கு அந்தப் பக்கம், மடியில் கொசுவலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெங்கடப்பன். அத்திப்பள்ளி தாண்டியதும் இந்தப் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"என்னப் பாத்ததும் அந்தப் பொண்ணு கதவச் சாத்திக்குமாம்மா?"

ஊரையே அதட்டுகிற அந்தக் கட்டைக் குரல் அப்படி ஆகும் என்று வஜிஹா நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"தெரியலண்ணா" என்றாள். "சாத்துனா வெளிய உக்காந்துக்கலாம். தொறக்கற வரைக்கும் நானும் கூட உக்காந்திருக்கேன்."